நம் தேர்தலில் பெயர் மறைத்துப் பேசுகிறவர்கள்

2024 ஏப்ரல் 19 அன்று கடலூர், சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிகளில் நாம் வாக்களித்துவிட்டோம். மற்ற மாநிலங்களில் வாக்குப்பதிவு முடிய ஜூன் 1 ஆனது. எண்ணிக்கை ஜூன் 4. நம் வாக்கு இயந்திரங்கள் பூட்டிய அறைக்குள் காத்திருந்த அந்த மே மாதத்தில், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரைச் சேர்ந்த ஸ்டோயிக் என்ற அரசியல் விளம்பர நிறுவனம் இந்தியத் தேர்தலைப் பற்றிப் பின்னூட்டங்கள் தயாரிக்கத் தொடங்கியது. ஆளும் பா.ஜ.க.வைக் கண்டித்துச் சில, காங்கிரஸைப் பாராட்டிச் சில. எழுதிக் கொடுத்தது சாட்ஜிபிடியை இயக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மென்பொருள். வயது, ஊர், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் கொடுத்துக் கற்பனை மனிதர்களைச் செய்து, அவர்கள் வாயில் சொற்களை வைப்பது ஸ்டோயிக்கின் வேலை முறை. இந்தியத் தேர்தல் பற்றிய வேலை தொடங்கி 24 மணி நேரம் ஆகுமுன் ஓப்பன்ஏஐ அதைக் கண்டுபிடித்து நிறுத்தியது. மே மாத இறுதியில் அறிக்கையாகவும் வெளியிட்டது. அந்தப் பின்னூட்டங்களைச் சொல்லத்தக்க அளவில் யாரும் படிக்கவில்லை. இந்த வேலைக்குக் காசு கொடுத்தது யார் என்பது அறிக்கையில் இல்லை.

அதே மாதம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா இன்னொன்றை வெளியிட்டது. சீனாவிலிருந்து இயக்கப்பட்ட 37 ஃபேஸ்புக் கணக்குகள், 13 பக்கங்கள், 5 குழுக்கள், 9 இன்ஸ்டாகிராம் கணக்குகள் சீக்கியர்களைப்போல வேடமிட்டிருந்தன. 'ஆபரேஷன் கே' என்று இல்லாத ஓர் இயக்கத்தையே உண்டாக்கி, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆர்ப்பாட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டன. பஞ்சாப் வெள்ளம், காலிஸ்தான், கனடாவில் நடந்த ஹர்தீப் சிங் நிஜ்ஜர் கொலை ஆகியவற்றைப் பற்றி ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதின. உண்மையான சீக்கியர்களிடம் போய்ச் சேருவதற்குள் பிடிபட்டுவிட்டன.

வெளிநாட்டுத் தலையீடு என்றதும் அது டெல்லி விவகாரம், உளவுத்துறை பார்த்துக்கொள்ளும் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். இந்த வேலை நடக்கும் இடம் நம் கைப்பேசி. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு தெருவின் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குரூப், சிதம்பரத்தில் கூடப் படித்தவர்களின் குரூப், சாதிச் சங்கத்தின் குரூப், திருவிழாக் கமிட்டியின் குரூப் எல்லாம் இதன் களம்தான். அதனால் இது எப்படி நடக்கிறது, எதைத் தடுக்க வேண்டும், எதைத் தடுக்கக் கூடாது என்பதை உளவுத்துறையைவிட நாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டவர் பேசுவதே குற்றமா?

இல்லை. பிபிசி 1941-லும் சீன வானொலி 1963-லும் தமிழில் பேசத் தொடங்கின. சீன வானொலிக்குத் தமிழ்நாட்டில் நேயர் மன்றங்களே இருந்தன. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலைக்குக் கொடுத்தது; அவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் நம் மாவட்டத்திலும் ஏராளம். எல்லாமே அந்தந்த நாட்டு அரசுகள் தம் கருத்தைப் பரப்பச் செலவழித்த பணம்தான். ஆனாலும் யாரும் ஏமாறவில்லை. கேட்பவருக்கு இது பீக்கிங்கின் குரல் என்று தெரியும். அதற்குத் தக்கபடி எடைபோட்டுக் கொண்டார். இன்று டொரன்டோவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் தமிழர் தம் பெயரில் நம் அரசியலைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான். ஒப்புக்கொள்ளலாம், திட்டலாம், விட்டுவிடலாம். பேசுகிறவர் தான் யார் என்பதை மறைத்து, உன் ஊர்க்காரன்தான் பேசுகிறேன் என்று நம்பவைக்கும் இடத்தில்தான் குற்றம் தொடங்குகிறது.

இதற்கு இந்தியாவிலேயே பழைய உதாரணம் உண்டு. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்த 'பேட்ரியாட்' நாளிதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் பெயர் இல்லை. பெயர் பெற்ற அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் நோயை அமெரிக்க ராணுவம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது என்பது கடிதத்தின் சாரம். இரண்டு ஆண்டு கழித்து, 1985 அக்டோபரில், சோவியத் வார இதழான 'லித்தரதூர்னயா கஸேத்தா' அதே கதையை எழுதியது. ஆதாரமாகக் காட்டியது எதை? இந்தியப் பத்திரிகையை. 1987-க்குள் அந்தப் பொய் 80-க்கு மேற்பட்ட நாடுகளில் 30 மொழிகளில் சுற்றியது. தொடங்கிவைத்தது சோவியத் உளவுத்துறைதான் என்பதை, சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமாகோவே ஒப்புக்கொண்டார். மாஸ்கோ தன் வாயால் சொல்லியிருந்தால் மாஸ்கோ இப்படித்தான் சொல்லும் என்று உலகம் நகர்ந்திருக்கும். டெல்லி வழியாக வந்ததால் நம்பியது.

அன்று ஒரு பத்திரிகை அலுவலகத்தையாவது பிடிக்க வேண்டியிருந்தது. இன்று நூறு ஃபேக் ஐடி போதும்.

இருநூறு டாலரில் இரண்டு ஆர்ப்பாட்டம்

இந்த வேலையின் முழு உருவத்தையும் காட்டும் சம்பவம் அமெரிக்காவில் 2016 மே 21 அன்று நடந்தது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்றன. டெக்சாஸை இஸ்லாம்மயமாக்குவதை நிறுத்து என்று ஒரு பக்கம். இஸ்லாமியரின் அறிவுச் செல்வத்தைக் காப்போம் என்று மறு பக்கம். நடுவில் போலீஸ். முதல் கூட்டத்தை அழைத்தது 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற ஃபேஸ்புக் பக்கம். இரண்டாவதை அழைத்தது 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி என்ற ஒரே அலுவலகம். விளம்பரத்துக்கு ஆன செலவு சுமார் 200 டாலர் என்று அமெரிக்க செனட் விசாரணையில் பின்னர் சொன்னார்கள். வந்து நின்றவர்கள் இரண்டு பக்கமும் உண்மையான அமெரிக்கர்கள். அவர்களின் கோபமும் உண்மை. தேதியும் இடமும் குறித்துக் கொடுத்தவர் மட்டுமே வெளியாள்.

படிப்படியாகப் பார்த்தால் எளிது. முதலில் ஒரு சமூகத்தில் ஏற்கெனவே உள்ள விரிசலைத் தேடுகிறார்கள். பிறகு அந்தச் சமூகத்து ஆள்போல ஒரு கணக்கோ பக்கமோ தொடங்குகிறார்கள். பல மாதங்கள் அதில் அரசியலே இருக்காது: சாமி படம், கிரிக்கெட், சினிமா, ஊர்ப் பெருமை. நம்பிக்கையும் ஆள்பலமும் சேர்ந்தபின் கோபத்தைக் கிளறும் பதிவுகள் ஒவ்வொன்றாக இறங்கும். கடைசியாக, அதை உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்துத் தன் பெயரில் பகிர்வார். அந்த நொடியில் வெளிநாட்டு அடையாளம் கழுவப்பட்டுவிடுகிறது. உங்கள் அத்தை மகன் அனுப்பியதை அத்தை மகனின் செய்தியாகத்தான் நீங்கள் படிப்பீர்கள். ஒரு தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டால் வேலை முழுமை.

இதன் பலனை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த ரஷ்ய அலுவலகத்தின் சுமார் 80,000 பதிவுகள் 12.6 கோடி அமெரிக்கர்களின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் சொன்னது. ஆனால் ட்விட்டரில் அதன் விளைவை அளந்து 2023-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, வாக்காளர்களின் மனம் மாறியதற்கான தடயம் கிடைக்கவில்லை என்றது. அந்தப் பதிவுகளைப் பார்த்ததில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பயனர்களின் கணக்கில் வந்தது; அவர்களும் ஏற்கெனவே ஒரு பக்கம் உறுதியாகச் சாய்ந்திருந்தவர்கள். ஆக, வெளிநாட்டான் நினைத்தால் நம் வாக்கை மாற்றிவிடுவான் என்று நடுங்க வேண்டியதில்லை. அந்த நடுக்கமே அவனுக்குக் கிடைக்கும் வெற்றி. எதையும் நம்ப முடியாது, தேர்தலே நாடகம், எதிரில் இருப்பவர் எல்லாரும் விலைபோனவர்கள் என்ற மனநிலை ஊருக்கு வந்துவிட்டால் அவன் நோக்கத்தில் பாதி நிறைவேறிவிடுகிறது.

நம் பக்கத்து விரிசல்கள்

கடலூர் மாவட்டத்தில் விரிசல் தேடுகிறவருக்கு அதிகம் அலைய வேண்டாம். சாதி இருக்கிறது. என்.எல்.சி.க்கு நிலம் கொடுத்தவர்களின் மனக்குறை இருக்கிறது. சிப்காட் ரசாயன ஆலைகளின் புகையும் கழிவும் இருக்கின்றன. சுருக்குமடி வலையை வைத்து மீனவ ஊர்களுக்குள்ளேயே பகை மூண்டதைப் பார்த்திருக்கிறோம். நடராசர் கோயிலில் கனகசபை ஏறி வழிபடுவதை ஒட்டிய தகராறு இருக்கிறது. இவை எதுவும் வெளிநாட்டில் செய்து இறக்குமதியானவை அல்ல. எல்லாவற்றிலும் உண்மையான நியாயங்கள், உண்மையான வலிகள் உண்டு. நம் தேர்தலையே வைத்துச் சொன்னால், 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளில், சிதம்பரம் தொகுதிக்குள் வரும் அரியலூர் மாவட்டத்துப் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவு பரவிக் கலவரமாகி, 144 தடை உத்தரவு போடும் அளவுக்குப் போனது. ஒரு நிமிடக் குரல் பதிவு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே அடித்ததில் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி இறந்துபோனார். சாலையில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்த தவறு. அதற்கு முன் பல வாரங்களாக வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் பிள்ளை பிடிப்பவர் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. இதுபோன்ற கொலைகள் நாடெங்கும் நடந்தபின், 2018 ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

அடுத்து 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வட இந்தியா முழுக்கப் பரவின. ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. வேறொன்று பாட்னாவிலேயே ஆட்களை நடிக்க வைத்து எடுத்தது. திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். தமிழ்நாடு காவல்துறை உடனுக்குடன் மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு போனது. அதன் பிறகுதான் அடங்கியது. இதைச் செய்தவர்கள் வெளிநாட்டவர் அல்லர். ஆனால் இரண்டு மாநிலங்களை ஒரு வாரத்துக்குள் பகையாக்க என்ன தேவை என்பதற்கு முழுப் பாடமும் அதில் இருந்தது. அதை நாம் மட்டும் கவனித்திருப்போம் என்று நான் நினைக்கவில்லை.

தமிழர்களுக்கு எல்லை தாண்டிய விரிசல் ஒன்றும் உண்டு. 2023 நவம்பர் 27, மாவீரர் நாளன்று, விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் உரையாற்றும் காணொளி இணையத்தில் வெளியானது. உதட்டசைவும் குரலும் பொருந்தாததைக் கவனித்த பலர் இது செயற்கை நுண்ணறிவில் செய்தது என்றார்கள். ஈழத்தமிழர் அமைப்புகள் பலவும் நிராகரித்தன. அதைச் செய்தது இந்த நாடு, அந்த நாடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் அந்தக் காணொளியை என்ன மனதோடு திறந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சில வாரங்களில், 2024 ஜனவரியில், டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், 2018-ல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்தினார். தொழில்நுட்பம் ஒன்றுதான். கருணாநிதியைத் திரையில் கண்டவர்களுக்கு அது செய்யப்பட்ட படம் என்று தெரியும். துவாரகாவைக் கண்டவர்களை நம்பச் சொன்னார்கள்.

கடலோர மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று தைவானில் உண்டு. 2018 செப்டம்பரில் ஜெபி புயல் அடித்து ஜப்பானின் கான்சாய் விமான நிலையம் துண்டிக்கப்பட்டது. சிக்கிய சீனப் பயணிகளைச் சீனத் தூதரகம் பேருந்து அனுப்பி உள்ளே வந்து மீட்டது, தங்களைச் சீனர் என்று ஒப்புக்கொண்டால் தைவான்காரர்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று சீன இணையதளங்களில் கிளம்பிய செய்தியைத் தைவான் மக்களே பகிர்ந்தார்கள். தைவான் தொலைக்காட்சிகளும் சரிபார்க்காமல் ஒளிபரப்பின. உண்மையில் வெளிப்பேருந்து எதையும் நிலையத்துக்குள் விடவில்லை; எல்லா நாட்டவரையும் வெளியே கொண்டுவந்தது நிலையத்தின் சொந்தப் பேருந்துகள்தான். இதற்குள் ஒசாகாவிலிருந்த தைவான் பிரதிநிதி அலுவலகத்தின் மீது வசை மழை பொழிந்தது. சில நாட்களில் அதன் தலைவர் தற்கொலை செய்துகொண்டார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்ட இரவை நினைத்துப் பாருங்கள். எந்த அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்ற ஒரு பொய்ச் செய்தி அந்த நேரத்தில் என்னவெல்லாம் செய்திருக்கும்! பேரிடர் நேரத்தில் அரசு சொல்வது தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்தால், அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். மாவட்ட நிர்வாகம் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயரைச் சம்பாதிப்பதும் நாட்டுப் பாதுகாப்பு வேலைதான்.

உள்ளூர்ப் போலிகள் விரித்த பாய்

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரல் 1 அன்று, மக்களவைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன், ஃபேஸ்புக் ஒரே அறிவிப்பில் இரண்டு செய்தி சொன்னது. பாகிஸ்தான் ராணுவத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு ஊழியர்களோடு தொடர்புடைய 103 பக்கங்களையும் கணக்குகளையும் நீக்கினோம் என்பது ஒன்று. காங்கிரஸின் ஐ.டி. பிரிவோடு தொடர்புடையவர்களின் 687 பக்கங்களையும் கணக்குகளையும், பா.ஜ.க.வை ஆதரித்துப் பதிவிட்ட சில்வர் டச் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தோடு தொடர்புடைய 15-ஐயும் நீக்கினோம் என்பது இன்னொன்று. அன்றைய பட்டியலில் வெளிநாட்டுப் போலியைவிட உள்நாட்டுப் போலிதான் அதிகம்.

நாமும் வெளியே போய்ச் செய்யாதவர்கள் இல்லை. 2020 டிசம்பரில், பெல்ஜியத்திலிருந்து இயங்கும் இயூ டிஸ்இன்ஃபோலேப் என்ற அமைப்பு, டெல்லியைச் சேர்ந்த ஸ்ரீவஸ்தவா குழுமம் 15 ஆண்டுகளாக நடத்திவந்த வலையமைப்பை வெளிப்படுத்தியது. 119 நாடுகளின் பெயரில் 750-க்கு மேற்பட்ட போலிச் செய்தித்தளங்கள். இறந்துபோன பேராசிரியரின் பெயரைக்கூட உயிரோடு இருப்பவர்போலப் பயன்படுத்தியிருந்தார்கள். பாகிஸ்தானைச் சாடுவதும் இந்தியாவுக்கு ஆதரவு திரட்டுவதும் அதன் வேலை. பிரஸ்ஸல்ஸ், ஜெனீவா மக்களை ஏமாற்றுவது நமக்குச் சரியென்றால், நம்மை ஏமாற்றுவது தவறு என்று எந்த வாயால் சொல்வோம்?

2025 மே மாதத்து இந்திய-பாகிஸ்தான் மோதல் நாட்களில் இதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்துக் காட்சியை இந்தியாவின் மீது விழுந்த ஏவுகணை என்று பரப்பினார்கள். கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில சொன்னதும் பொய்தான். வீடியோ கேம் காட்சிகளை இரண்டு நாட்டவரும் போர்க் காட்சி என்று பகிர்ந்தார்கள். இப்படிப்பட்ட சந்தைக்குள் வெளிநாட்டுப் போலி ஒன்று கலந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? ஒரே ஆள் ஐம்பது பெயரில் எழுதுவது இயல்பு, கட்சிக்காகப் பொய் பேசுவது தொண்டு என்று நம் ஐ.டி. விங்குகள் பழக்கிவைத்திருக்கின்றன. அந்தப் பழக்கம்தான் அந்நியனுக்கு விரித்த பாய். உள்ளூர்க் கட்சிகள் ஃபேக் ஐடியைக் கைவிடும்வரை வெளிநாட்டு ஃபேக் ஐடியைப் பற்றி அவை மேடையில் முழங்குவதில் எனக்கு மதிப்பில்லை.

அரசுக்கு எவ்வளவு அதிகாரம்?

வெளிநாட்டுச் சதி என்ற சொல் அரசின் கையில் எப்படிப் பயன்படும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2012 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழுக்கு அளித்த பேட்டியில் பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். இடிந்தகரையில் பட்டினி கிடந்த மீனவப் பெண்கள் ஒரே வார்த்தையில் அந்நியக் கைக்கூலிகள் ஆனார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. அணுஉலை வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். சொந்த மக்களின் அச்சத்தை வெளிநாட்டு இயக்கம் என்று முத்திரை குத்துவதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. நாளை என்.எல்.சி.யை எதிர்த்தோ சிப்காட்டை எதிர்த்தோ கடலூரில் யாராவது பதாகை பிடித்தால் அதே முத்திரை தயாராக இருக்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுப்படி ஒன்றிய அரசு இணையப் பக்கங்களை முடக்கலாம். பாகிஸ்தானிலிருந்து இயங்கிய யூடியூப் சேனல்கள் 20-ஐ 2021 டிசம்பரில் முடக்கினார்கள். அவற்றைச் சந்தா செய்தவர்கள் 35 லட்சம் பேர். பல ஒரே குழுவால் நடத்தப்பட்டவை என்று அரசு காரணம் சொன்னது. அது சரியான காரணம். ஆனால் 69ஏ ஆணைகளின் விவரத்தை ரகசியமாக வைக்க விதி இருப்பதால், பெரும்பாலும் என்ன முடக்கினார்கள், ஏன் முடக்கினார்கள் என்பது நமக்குத் தெரியாது. 2025 மே மோதலின்போது 8,000-க்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொன்னார்கள் என்று எக்ஸ் தளம் அறிவித்தது. அதே நாட்களில் 'தி வயர்' என்ற இந்தியச் செய்தித்தளமும் முடங்கிக் கிடந்தது. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று ஒன்றிய அரசே தீர்ப்பெழுதும் பிரிவை ஏற்படுத்திய விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. தமிழ்நாடு அரசும் 2023-ல் ஒரு தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. ஓர் அரசுத் திட்டத்தில் உண்மையில் நடந்தது இதுதான் என்று ஆவணத்தோடு விளக்குவதோடு அது நின்றால் பயனுள்ளது. யார் பேசலாம் என்று சொல்லத் தொடங்கினால் ஆபத்து.

பிரான்ஸ் 2021-ல் வேறு வழி எடுத்தது. வீஜினும் என்ற அதன் அமைப்பு, வெளிநாட்டிலிருந்து இயக்கப்படும் போலி வலையமைப்புகளை மட்டும் பார்க்கிறது. சொந்த மக்களின் கருத்து சரியா தவறா என்று பார்ப்பதில்லை. கண்டதைப் பொதுவில் அறிக்கையாக வெளியிடுகிறது. நமக்குத் தேவை இப்படி ஒன்று, அதுவும் ஆளுங்கட்சிக்குக் கட்டுப்படாமல், தேர்தல் ஆணையத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்வதாக.

காலத்தே செய்யாவிட்டால் என்னாகும் என்பதற்கு ருமேனியா சாட்சி. 2024 நவம்பர் 24 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில், கருத்துக் கணிப்புகளில் பின்தங்கியிருந்த ஜார்ஜெஸ்கு என்பவர் முதலிடம் வந்தார். பிரச்சாரத்துக்கு ஒரு காசும் செலவழிக்கவில்லை என்று கணக்குக் காட்டியிருந்தார். அவருக்காக ஆயிரக்கணக்கான டிக்டாக் கணக்குகள் ஒருங்கிணைந்து இயங்கின என்ற உளவு ஆவணங்கள் வெளியானபின், டிசம்பர் 6 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மறுதேர்தல் 2025 மே மாதம் நடந்தது. மக்கள் போட்ட வாக்கைக் குப்பையில் போடுவது எவ்வளவு பெரிய காயம்! 2024-ல் சுமார் 97 கோடி வாக்காளர்கள் இருந்த நாட்டில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. தடுப்பு முழுவதும் வாக்குப்பதிவுக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

நம் கையில் இருப்பது

சமூக ஊடகக் கம்பெனிகள் இந்தப் போலிக் கணக்குக் கும்பல்களைப் பிடிப்பது பதிவின் கருத்தை வைத்து அல்ல, நடத்தையை வைத்து. பல கணக்குகள் ஒரே சாதனத்திலிருந்து இயங்குவது, ஒரே நொடியில் ஒரே வாசகம் விழுவது, கடலூர்க்காரர் என்று சொல்பவர் வேறொரு நாட்டின் அலுவலக நேரத்தில் மட்டும் விழித்திருப்பது, விளம்பரக் கட்டணம் வேறு நாட்டு நாணயத்தில் வருவது. 2016-ல் ரஷ்யர்கள் சில விளம்பரங்களுக்கு ரூபிளிலேயே பணம் கட்டியிருந்தார்கள். நம்மாலும் கொஞ்சம் பார்க்க முடியும். ஃபேஸ்புக் பக்கத்தின் அறிமுகப் பகுதியில், அந்தப் பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது, நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற விவரம் இருக்கும். எக்ஸ் தளம் 2025 நவம்பரில் கணக்கு இயங்கும் நாட்டைக் காட்டத் தொடங்கியதும், அமெரிக்க தேசபக்தர்களாக முழங்கிய கணக்குகள் பல தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பது தெரிந்தது. விபிஎன் போட்டு மறைக்கலாம் என்பதால் அதை முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் பார்க்கத்தக்கது.

வாட்ஸ்அப்பில் இந்த வசதி கிடையாது. அங்கே இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று வந்தால், அது பல கை மாறி வந்தது, அனுப்பியவருக்கும் பெரும்பாலும் மூலம் தெரிந்திருக்காது. யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. செயற்கையாகச் செய்த குரலும் முகமும் என்ற ஐயம் வந்தால் அனுப்பிக் கேட்க, டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் 2024 மார்ச்சில் தொடங்கிய வாட்ஸ்அப் சேவை தமிழிலும் பதில் தருகிறது. தைவானில் கோஃபாக்ட்ஸ் என்ற சேவைக்கு வதந்தியை அனுப்பினால், தன்னார்வலர்கள் எழுதிவைத்த பதில் உடனே வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கடலூர்க் கலைக் கல்லூரியும் இருக்கிற மாவட்டத்தில் மாணவர்களைக் கொண்டு இப்படி ஒன்றை நடத்த முடியாதா என்ன? குரூப் அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாதி, மதம், பெண் மானம், குழந்தை, அணை இந்த ஐந்தைப் பற்றி மூலம் தெரியாத செய்தி வந்தால், அனுப்பியவரிடம் எங்கிருந்து வந்தது என்று குரூப்பிலேயே கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் நீக்கிவிடுங்கள். சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

தேர்தல் ஆணையமும் சும்மா இருக்கவில்லை. டீப்ஃபேக் பதிவு தங்கள் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே 6 அன்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது. அது தமிழ்நாட்டு வாக்குப்பதிவு முடிந்து 17 நாள் கழித்து வந்த உத்தரவு. அடுத்த முறை முதல் நாளிலிருந்தே வேண்டும். ஒவ்வொரு கட்சியும் தனக்குள்ள எல்லாச் சமூக ஊடகக் கணக்குகளையும், அவற்றை நடத்தும் கூலி நிறுவனங்களையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உள்ளாட்சியோ சட்டமன்றமோ, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், சாலை, குடிநீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: உங்களுக்காக இணையத்தில் பேசுகிறவர்கள் யார் யார், அவர்களுக்குக் காசு கொடுப்பது யார், அவர்கள் சொந்தப் பெயரில்தான் பேசுகிறார்களா? பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு வாக்களிக்காதீர்கள்.